டத்தோவின் இதயச் சுவர்

மலாக்காவில் மனித குலத்துக்கு நன்மை செய்வதற்கென்றே ஒரு கட்டடம் இருக்கிறது. அதன் முழுப் பெயர் மானுட அறிவியல், அறநெறி மற்றும் பண்பாட்டு உயர் ஆய்வகம். பெயர்ப்பலகை முன்வாசலை மறைத்துவிட்டதால் பக்கவாட்டில் இன்னொரு வாசல் வைக்கும்படி ஆயிற்று. வட்டாரத்தில் எல்லாரும் சுருக்கமாக மானுடம் என்பார்கள். 'மானுடத்திலிருந்து வந்திருக்கிறார்கள்' என்றால் ரத்தம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்துக்கு அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கோயில் மண்டபத்தில் கட்டில் போட்டு, துணி மறைப்புக் கட்டி, ஒவ்வொருவர் மார்பிலும் கருவியை வைத்து இதயத்தைப் பார்த்தார்கள். தோட்டத் தமிழர்களின் இதயம் எப்படி இருக்கிறது என்று உலகம் தெரிந்துகொள்ள விரும்புவதாகச் சொன்னார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பொட்டலம் மைலோ பானத்தூளும் ஒரு டீசட்டையும் கிடைத்தன. சட்டையில் 'என் இதயம் அறிவியலுக்கு' என்று அச்சடித்திருந்தது.

சேகரன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினான். மார்பில் குளிர்ந்த பசையைத் தடவியபோது, சீவிய ஐஸில் பாகு ஊற்றுகிற கடைக்காரனிடம் கேட்பதுபோல், "என்ன தம்பி, நெஞ்சு மேல ஐஸ் கச்சாங் போடப் போறீங்களா?" என்று கேட்டானாம். வீட்டுக்கு வந்து மனைவி மோகனாவிடமும் மகள் ஷாமினியிடமும் அதைச் சொல்லித் தானே சிரித்துக்கொண்டான். ஸ்கேன் பார்த்த இளைஞன் மட்டும் சிரிக்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தான் என்றான். "வேலையில ரொம்ப சின்சியர் போலலா" என்று அவனைப் பாராட்டவும் செய்தான்.

மறு வருஷம் ஒருநாள் எண்ணெய் ஆலைக்குக் குலை ஏற்றிப் போகும் வழியில் சேகரன் லோரியை ஓரங்கட்டினான். கைப்பிரேக் போட்டான். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தான். தூங்குகிறான் என்று நினைத்து, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் ஆலைக்காரர்கள் தேடி வந்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

ஹார்ட் அட்டாக் என்றார்கள். விதி என்றார்கள். மோகனாவும் அப்படியே நினைத்துக்கொண்டாள். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காரியம் முடிந்த மறுநாளே பிள்ளைகளை ஏற்றப் போனாள். பிள்ளைகள் அன்றைக்கு மட்டும் சத்தம் போடாமல் வந்தார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மானுடத்தின் ஆண்டு மாநாட்டுக்கு அழைப்பு வந்தபோது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஒரு சமூகப் பிரதிநிதி வேண்டுமாம். லூபோக் சீனா பக்கம் ஆள்களை ஏற்றிவர ஒரு வேனும் வேண்டுமாம். இரண்டையும் ஒரே ஆளாக முடித்துவிட்டால் சிக்கனம் என்று நிர்வாகச் செயலாளர் ஷெர்லீன் கண்டுபிடித்திருந்தாள். அப்படித்தான் மோகனா சமூகப் பிரதிநிதி ஆனாள்.

மாநாட்டின் தலைப்பு 'அறிவியலுக்கு இதயம் உண்டா?'. இயக்குநர் டத்தோ டாக்டர் ரெஜினால்ட் பேச எழுந்தார். டத்தோ என்பது அரசாங்கம் கொடுத்த பட்டம். நல்ல உயரம், வெள்ளைத் தலை, கணீர்க் குரல். சமூகத்தின் மீதுள்ள அன்பால் தமிழிலேயே பேசினார்.

"ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் ஆய்வில் ஒரு பங்கேற்பாளர். எண் எல் பதினேழு. பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டேன். லோரி ஓட்டுநர் என்பது மட்டும் தெரியும். மார்பில் ஜெல் தடவியபோது, ஐஸ் கச்சாங் போடப் போகிறீர்களா என்று கேட்டாராம்."

சபை சிரித்தது.

"அவருடைய இதயச் சுவர் இருக்க வேண்டியதைவிட இரு மடங்கு தடித்திருந்தது. இது எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகக்கூடிய இதயம். சாதாரண ஆஸ்பத்திரிகளின் மெஷின் இதைக் கண்டுபிடிக்காது. எங்கள் மெஷின்தான் கண்டுபிடிக்கும். என் உதவியாளர்கள் அழுதார்கள். 'சார், இப்பவே போய்ச் சொல்லிடலாம், மாத்திரை இருக்கு, பிழைச்சுக்குவார்' என்றார்கள். நான் கேட்டேன், 'சொல்லச் சொல்லி அவர் கேட்டாரா?' கேட்கவில்லை. அறியாதிருக்கும் உரிமை என்று ஒன்று இருக்கிறது. ஒரு மனிதரின் அந்த உரிமையைப் பறிக்க நான் யார்? சில மாதங்களில் அவர் காலமானார். கடைசி மூச்சு வரை அவருடைய உரிமையை நாங்கள் காப்பாற்றினோம்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். டத்தோவும் கைக்குட்டையை எடுத்தார். மோகனா மட்டும் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கைக்காரர் குனிந்து, "எழுந்திரிங்கம்மா, இது மரியாதை" என்றார்.

*

ஷெர்லீனின் மேசைக்கு முன்னால் மோகனா உட்கார்ந்தது மறுநாள் காலையில்.

"எல் பதினேழு என் வீட்டுக்காரர்."

"அதை நீங்க சொல்லக் கூடாது அக்கா. எல் பதினேழு யாருன்னு யாருக்கும் தெரியக் கூடாது."

"எனக்குத் தெரியுமே. நான்தான அவருக்கு வாழ்க்கைப்பட்டேன்."

"இப்ப எனக்கும் தெரிஞ்சிருச்சு பாருங்க. ஒரு பங்கேற்பாளரோட அடையாளத்த நீங்க வெளிய விட்டுட்டீங்க. இத நான் ரிப்போர்ட் பண்ணியே ஆகணும்."

ரிப்போர்ட் ஆயிற்று. இறந்துபோன கணவரின் அந்தரங்கத்தை மீறிய குற்றத்துக்காக மோகனாவுக்கு அறநெறி ஆலோசனை வழங்க முடிவானது. ஆலோசனை சொன்ன இளம்பெண் நல்லவள். கண்ணை மூடி ஆழமாக மூச்சு விடச் சொன்னாள். கணவரின் பெயரைச் சொல்லாமல் அவரை நினைத்துப் பார்க்கப் பழகச் சொன்னாள்.

மோகனா கண்ணைத் திறந்து கேட்டாள்: "இது பிள்ளைங்களுக்கும் வருமா?"

"எது?"

"அந்த நெஞ்சுச் சுவர். எனக்கு ஒரு மக இருக்கா. ஸ்கூல்ல நெட்பால் ஆடுறா."

அந்தப் பெண் வெளியே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். "வருமா வராதான்னு சொன்னா, எல் பதினேழுக்கு இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா. அவரையே நேர்ல வந்து எழுதிக் கேக்கச் சொல்லுங்க."

"அவரு செத்துட்டாரு."

"அப்ப அவரோட சம்மதம் கிடைக்கிறது கொஞ்சம் கஷ்டம்தான்" என்றாள் அவள். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னாள்.

மோகனா அன்றைக்கே ஷாமினியை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே வரிசை நீளம். முறை வரும்வரை மகளை ஓட விடவில்லை, மாடிப்படி ஏற விடவில்லை. ஷாமினி சண்டை போட்டாள். பள்ளிக் குழுவிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் பேசாமல் இருந்தாள். கடைசியில் ஆஸ்பத்திரியின் சாதாரண மெஷின் ஷாமினியின் இதயத்தைப் பார்த்தது. தடித்த சுவரை அது சிரமமே இல்லாமல் காட்டியது.

அங்கிருந்த டாக்டர் பெண் திரையில் விரலை வைத்துக் காட்டினாள். "இங்க பாருங்கக்கா. நல்லவேளை, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. மாத்திரை போட்டுக்கிட்டு, பந்தயம் ஓடாம இருந்தா நல்லா வாழலாம். இவ அப்பாவுக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா அவரும் இப்ப உங்ககூட இருந்திருப்பார்."

ஷாமினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பும் வழியில் லோரி நின்றிருந்த இடம் வந்தது. வழக்கமாக மோகனா அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்றைக்குத் திருப்பவில்லை.

*

மானுடத்தில் அறநெறிக் குழு என்று ஒன்று உண்டு. எந்த ஆய்வும் அதன் ஒப்புதல் பெற்றுத்தான் நடக்கும். அந்தக் குழுவில் படிப்பாளிகளோடு பாமர உறுப்பினர் ஒருவரும் இருக்க வேண்டும், அவர் கை தூக்காவிட்டால் எந்தத் தீர்மானமும் செல்லாது என்பது உலக அறநெறி. அதுவரை பாமர உறுப்பினராக இருந்தவர் மணியம் என்ற, தோட்டத்தில் கணக்கு எழுதிய முன்னாள் கிராணி. கூட்டம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். வாக்கெடுப்பின்போது பக்கத்தில் இருப்பவர் அவர் கையைத் தூக்கிவிடுவார். இந்த ஏற்பாடு எல்லாருக்கும் வசதியாக இருந்தது. அவர் மகன் வீட்டோடு இருக்க ஜொகூருக்குப் போய்விட்டபோது குழு உண்மையிலேயே கலங்கிப்போனது.

அப்போதுதான் குழுத் தலைவர் பேராசிரியர் கணேஸ்வரனுக்கு யோசனை வந்தது. ஒரு லோரிக்காரரின் மனைவி மேசை மேசையாகப் போய்க் கேள்வி கேட்கிறாள். அவளைக் குழுவில் போட்டுவிட்டால் வாய் அடைபடும், படம் எடுத்து வெளியிட்டால் ஆய்வகத்துக்கும் அழகு.

ஷெர்லீன் தொலைபேசியில் கூப்பிட்டபோது மோகனா கேட்டது ஒன்றுதான்: "நான் கை தூக்கலன்னா?"

"ஏன் அக்கா தூக்காம இருக்கப் போறீங்க?" என்று ஷெர்லீன் சிரித்தாள். மோகனாவும் சிரித்து வைத்தாள்.

முதல் கூட்டத்திலேயே மோகனாவுக்குத் தலை சுற்றியது. சர்க்கரை நோய் ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் கறிபாப் பலகாரமும் இனிப்புத் தூக்கலான தே தாரிக் தேநீரும் கொடுப்பது அறமா என்று காலை முழுவதும் பேசினார்கள். கொடுக்கலாம், ஆனால் அது சர்க்கரைக்குக் கெடுதல் என்று சொல்லக் கூடாது, சொன்னால் அறியாதிருக்கும் உரிமை பாதிக்கப்படும் என்று முடிவானது. அதன் பிறகு, கொசுக்கடி ஆய்வில் கொசுவின் நலனைப் பேச யாரை அழைப்பது என்று பேசினார்கள். உம்பாய் கடலோரக் கடைகளில் சாப்பிடுகிறவர்களின் மகிழ்ச்சியை அளக்கும் ஆய்வை நேரில் பார்வையிடக் குழு முழுவதும் போகத் தீர்மானித்தது. போய், நண்டும் சுட்ட மீனும் சாப்பிட்டுப் பார்வையிட்டு வந்தது.

இயக்குநர் இந்தக் குழுவில் உட்காரக் கூடாது என்று விதி இருந்தது. அதனால் டத்தோ நின்றுகொண்டே கலந்துகொள்வார்.

மோகனா எல்லாவற்றுக்கும் கை தூக்கினாள். நல்ல உறுப்பினர் என்று பெயர் வாங்கினாள். ஷெர்லீன் அவளுக்கென்று தனியாகக் கறிபாப் எடுத்துவைக்கத் தொடங்கினாள்.

இதய ஆய்வின் இரண்டாம் கட்டம் வந்தது. இந்தமுறை பத்திரிகைக்காரர்களை அழைத்திருந்தார்கள். லூபோக் சீனா கோயில் மண்டபத்தில் டத்தோவே சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்தார். "நானும் ஒரு சாதாரண மாதிரிதான். அறிவியலுக்கு முன் டத்தோவும் ஒன்றுதான், தோட்டத் தொழிலாளியும் ஒன்றுதான்" என்றார். ஒளி சரியாக இல்லை என்று புகைப்படக்காரர் சொன்னதால் இன்னொரு முறை எழுந்து படுத்தார். பிறகு அன்றைக்கு ஊர்க்காரர்கள் பலரும் அதே கட்டிலில் படுத்தார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில், ஸ்கேன் பார்க்கும் நிவேந்திரன் அறிக்கை வாசித்தான். சேகரனின் மார்பில் கருவி வைத்தவன் அவன்தான். அழுத உதவியாளர்களில் ஒருவனும் அவன்தான். "இரண்டாம் கட்டத்தில் ஒருவருக்கு இதயச் சுவர் ஆபத்தான அளவு தடித்திருக்கிறது. ஆண். வயதானவர். பெயர் குறியீட்டில் இருக்கிறது."

"வழக்கம்போல் சொல்ல வேண்டாம்" என்றார் கணேஸ்வரன். "ஆட்சேபம்?"

யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சுவரோரம் நின்றிருந்த டத்தோதான் முதலில் மெல்ல இருமினார். ஆண். வயதானவர். அந்த மாதம் மாடி ஏறும்போது அவருக்கு இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. மனைவி டத்தின்கூட எடை போட்டுவிட்டது என்று சொல்லியிருந்தார். எடை என்றே அவரும் நம்பியிருந்தார்.

"நிவேந்திரன், அவர்... எவ்வளவு உயரம்?" என்று கேட்டார்.

"அது அடையாளம் ஆயிடும் டத்தோ."

"ஆமாம். ஆமாம். சரியாகச் சொன்னாய்." டத்தோ ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். விதி மீறப்பட்டதை யாரும் குறிப்பில் ஏற்றவில்லை.

கூட்டம் முடிந்ததும் மோகனா கார் நிறுத்துமிடத்தில் நிவேந்திரனைப் பிடித்தாள்.

"தம்பி, அந்த ஆளு யாரு?"

அவன் கீழே பார்த்தான். "சொன்னா வேலை போயிடும் ஆண்ட்டி."

"என் வீட்டுக்காரர் உன்னப் பாத்து ஐஸ் கச்சாங்னு கேட்டாரே. நீ ஏன் சிரிக்கல?"

அவன் கண் கலங்கியது. சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னான். "இருளாண்டி தாத்தா. ஸ்டோர்ல வேலை பார்த்தவரு. உங்க லயத்து வீடுங்களுக்குப் பின்னாடி வரிசை."

மோகனா நேராக வேனை அங்கே விட்டாள். இருளாண்டி ஆடுகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். என்ன, ஏது என்று கேட்பதற்குள் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அதே டாக்டர் பெண், அதே சாதாரண மெஷின். இருளாண்டியை அன்றைக்கே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். "ஆட்டுக்கு யாரு தண்ணி வைக்கிறது?" என்பதுதான் அவர் கவலையாக இருந்தது.

ஆக, டத்தோவின் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்பது மோகனாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று யோசித்தாள். ஒரு போன் போட்டால் போதும், அந்த மனிதர் நிம்மதியாகத் தூங்குவார். போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

*

டத்தோ சும்மா இருக்கவில்லை. கோலாலம்பூரில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு யாருக்கும் தெரியாமல் போனார். இதயம் நன்றாக இருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். அதை அவரால் நம்ப முடியவில்லை. சாதாரண ஆஸ்பத்திரிகளின் மெஷின் இந்த நோயைக் கண்டுபிடிக்காது என்று நாடு நாடாகப் போய்ப் பேசியவர் அவர். அந்த மெஷின் சொல்வது சரி என்றால் அவருடைய ஆய்வு தப்பு. ஆய்வு சரி என்றால் அவர் சாகப் போகிறார். இரண்டில் எதை விரும்புவது என்று தெரியாமல் திரும்பி வந்தார்.

எழுதிக் கேட்டாலும் முடிவைச் சொல்லக் குழுவின் தீர்மானம் வேண்டும் என்பது அவரே போட்ட விதி என்பதால், சிறப்புக் கூட்டம் கூட்டினார்கள். டத்தோ பேசினார். குரலில் பழைய கணீர் இல்லை.

"நண்பர்களே, அறியாதிருக்கும் உரிமையை உலகுக்குச் சொன்னவன் நான். ஆனால் அறிவியல் வளரும். எல்லாருக்கும் ஒரே விதி என்பது சமத்துவமாக இருக்கலாம், நியாயம் ஆகாது. ஒரு லோரி ஓட்டுநர் அறியாதிருந்தால் ஒரு குடும்பம் பாதிக்கப்படும். ஓர் இயக்குநர் அறியாதிருந்தால் ஓர் ஆய்வகமே பாதிக்கப்படும். இதை உணர்ச்சிவசப்படாமல் சிந்திக்க வேண்டும்."

உணர்ச்சிவசப்படாமல் சிந்தித்த கணேஸ்வரன், டத்தோ அல்லது அதற்கு மேற்பட்ட விருது பெற்ற பங்கேற்பாளர்களுக்கு மட்டும் முடிவைச் சொல்லலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. மோகனாவின் கை மேசைமேல் இருந்தது.

"அம்மா, கை" என்றார் கணேஸ்வரன்.

"தூக்கல சார்."

"ஏன்?"

"டத்தோவோட உரிமையப் பறிக்க நான் யாரு?"

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மறுபடி கூடியது. மறுபடி ஒத்திவைக்கப்பட்டது. அவளை நீக்கலாமா என்று பார்த்தார்கள். பாமர உறுப்பினரை நீக்கும் தீர்மானத்துக்கும் பாமர உறுப்பினரின் கை வேண்டியிருந்தது. படித்தவர்களுக்குப் பாமர இடம் கிடையாது என்று கணேஸ்வரன் விதிகளில் தேடிப் பிடித்தார். உடனே மோகனாவுக்கு அறநெறியில் கௌரவப் பட்டயம் வழங்க விழா எடுத்தார்கள். நாதஸ்வரம், மாலை, பொன்னாடை எல்லாம் வந்தன. மேடையில் பட்டயத்தை நீட்டியபோது மோகனா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் சார். நான் பாமரமாவே இருந்துக்கிறேன்."

டத்தோ நாளுக்கு நாள் இளைத்தார். மாடி ஏறுவதை விட்டார். அவருடைய அறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். நடு வாக்கியத்தில் நிறுத்தி நாடி பிடித்துப் பார்த்துக்கொள்வார். நிவேந்திரனைக் கண்டால் முகத்தையே உற்றுப் பார்ப்பார். அவன் முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டான். மானுடம் அவனுக்குக் கொடுத்த பயிற்சி அது. இருளாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அவர் தேறிவிட்ட செய்தி மானுடத்துக்குத் தெரியாது. அவரிடம் போய்க் கேட்டால் தெரிந்திருக்கும்.

கடைசியில் ஒருநாள் டத்தோ தானே மோகனாவின் வேன் நிற்கும் இடத்துக்கு வந்தார். பள்ளிக்கூட வாசலில், பெற்றோர்கள் பார்த்துக்கொண்டிருக்க, "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

மோகனா இதற்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தாள்.

"விதிய எல்லாருக்கும் மாத்துங்க. முதல் கட்டத்துல படுத்தவங்களுக்கு முதல்ல சொல்லணும். ஆள் அனுப்பக் கூடாது. நீங்களே வீட்டு வீட்டுக்கு வந்து சொல்லணும். உங்களோடது கடைசி."

"நானா? இந்த உடம்போடயா?"

"வேன் இருக்கு டத்தோ. உக்காந்தே வரலாம்."

*

விதி எல்லாருக்கும் மாறியது, மோகனாவும் கை தூக்கினாள். அப்படித்தான் மலாக்கா மாநிலத்தின் தோட்ட வீடுகளுக்கும் கம்பம் எனப்படும் கிராமங்களுக்கும் டத்தோ டாக்டர் ரெஜினால்ட் பள்ளிக்கூட வேனில் வந்தார். பள்ளி விடுமுறை நாள்கள். பக்கத்தில் நிவேந்திரன் விவரங்களோடு உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு வாசலிலும் டத்தோ சொல்ல வேண்டிய வாக்கியத்தை மோகனா முடிவு செய்திருந்தாள்: "உங்கள சோதிச்சோம். என்ன இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லல."

முதல் வாசலில் அவர் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். மோகனா வேனிலிருந்து ஹாரன் அடித்தாள். தமிழில் சொன்னார்.

பெரும்பாலான வீடுகளில் ஒன்றும் இல்லை. "நல்லாதான இருக்கேன்? அத அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார்கள். சிலர் தேநீர் கொடுத்தார்கள். ஒருவர் ரத்த அழுத்தம் முற்றிச் சிறுநீரகம் கெட்டு, ஊசி ஏற்றிய கையோடு உள்ளிருந்து வந்தார். அவருடைய அழுத்தம் சோதித்த அன்றைக்கே எக்கச்சக்கமாக இருந்தது மானுடத்துக்குத் தெரியும். அவர் டத்தோவை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்திய கதவைப் பார்த்தபடி டத்தோ நின்றார்.

முதல் கட்டத்தில் கட்டில் போட்டிருந்த கடலோரச் செர்காமில் பிரிஜிட்டின் வீட்டுக்குப் போனார்கள். அவள் கணவன் மைக்கேல் படகு இஞ்சின் பழுதுபார்க்கிறவன். படகுத்துறையில் வேலை செய்துகொண்டிருந்தவன் தண்ணீரில் விழுந்து செத்தான். குடித்துவிட்டு விழுந்தான் என்று ஊர் பேசியது. அடக்கத்துக்கு வந்தவர்களே பேசினார்கள்.

டத்தோ தன் வாக்கியத்தைச் சொன்னார். மைக்கேலுக்கும் அதே தடித்த சுவர் இருந்தது என்று நிவேந்திரன் சொன்னான். நெஞ்சு நின்றுபோய் விழுந்திருக்கலாம்.

பிரிஜிட் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டையைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

"அவரு வேலை நேரத்துல குடிக்க மாட்டாருன்னு நான் சொன்னேன். மாமியாரே நம்பல" என்றாள். "என் புள்ள ஸ்கூல்ல 'குடிகாரன் மகன்'னு கேட்டுட்டு வந்தான். உங்களுக்கு அப்ப தெரியுமா?"

"தெரியும்" என்றார் டத்தோ.

"ஞாயித்துக்கிழமை பூசைக்கு வாங்க. அங்க வந்து சொல்லுங்க."

டத்தோ மோகனாவைத் திரும்பிப் பார்த்தார். மோகனா மொட்டை வெயிலில் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டத்தோ மாதா கோயில் முற்றத்தில் நின்றார். வாழ்க்கையில் எத்தனையோ மேடை ஏறியவர், அன்றைக்கு வாசற்படியில் நின்று பேசினார். மைக் இல்லை. "மைக்கேல் குடிச்சிட்டு விழல. அவருக்கு நெஞ்சுல நோய் இருந்துச்சு. எனக்குத் தெரியும். அவர்கிட்ட நான் சொல்லல." யாரும் கைதட்டவில்லை. பின்னாலிருந்து ஒரு கிழவி, மைக்கேலின் தாயார், நடந்து வந்து பிரிஜிட்டின் முன்னால் நின்றாள். மருமகளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அப்படியே அழுதாள். பிரிஜிட் அவளைத் தள்ளவும் இல்லை, அணைக்கவும் இல்லை. நேராக டத்தோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக மோகனா தன் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினாள். ஷாமினி வெளியே வந்து நின்றாள். டத்தோ இறங்கினார். வாக்கியம் மனப்பாடமாகியிருந்தது. இருந்தாலும் இந்த முறை வரவில்லை.

"உங்க அப்பாவ..." என்று ஆரம்பித்தார். ஷாமினி காத்திருந்தாள். அவர் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள். பிறகு, "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாத்திரை நேரம் என்று உள்ளே போய்விட்டாள்.

மோகனா அவள் போன பக்கமே பார்த்தாள். இந்த நாளுக்காகக் கட்டிக்காத்த கோபம் எல்லாம் செலவாகிவிட்டதா என்று தேடிப் பார்த்தாள். ஆகவில்லை. நிறைய மிச்சம் இருந்தது.

டத்தோ வேனில் ஏறி உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"இப்ப என்னோடது" என்றார். "சொல்லுங்கம்மா. எவ்வளவு நாள் இருக்கு?"

மோகனா கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"உங்க நெஞ்சு நல்லா இருக்கு டத்தோ. ஒரு கோளாறும் இல்ல. அது வேற ஆளு. அவரையும் அன்னிக்கே ஆஸ்பத்திரியில சேத்து, இப்ப நல்லா இருக்காரு."

டத்தோ நிவேந்திரனைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"உண்மையச் சொல்லுங்க. என் மேல இரக்கப்பட்டுத்தான இப்படிச் சொல்றீங்க?"

மோகனா கியரைப் போட்டாள்.

"இல்ல டத்தோ" என்றாள். "இரக்கம் இருந்திருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேன்."